இரண்டாம் ரிவ்யூவரின் நாலு பக்கம்

“‘யோசனை’ என்ற சொல் கட்டுரை முழுக்க வருகிறது. அது என்னவென்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. விளக்குங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.”

எழுதியவர் இரண்டாம் ரிவ்யூவர், ஆய்வுக் கட்டுரையைப் போடலாமா என்று ஜேர்னலுக்கு வாசித்துச் சொல்கிற வெளியாட்களில் ஒருவர். ஆங்கிலத்தில் இதைவிட மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். எனக்கு இப்படித்தான் கேட்டது. 2022 தைப்பொங்கல் கழிந்த அடுத்த கிழமை, யாழ்ப்பாணத்தில் வடமராட்சிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியின் உளநலக் கிளினிக்கில் கடைசி ஆளையும் அனுப்பிவிட்டு, ஆறிப்போன பிளேன்ரீயோடு கைபேசியில் அந்த மின்னஞ்சலைத் திறந்தேன். முந்தின ஆண்டு நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் ஒரு ஜேர்னலுக்கு, அதாவது ஆய்விதழுக்கு, அனுப்பிய கட்டுரை. ஐந்து மாதம் ஒரு சத்தமும் இல்லை. அனுப்பியதையே மறக்கத் தொடங்கிய நேரத்தில் பதில் வந்திருந்தது: பெரிய திருத்தம் தேவை.

என்னோடு சேர்ந்து எழுதிய சேருக்கு உடனே எடுத்துச் சொன்னேன். என் குரலில் இருந்த அழுகை அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். “பிள்ளை, மேஜர் ரிவிஷன் எண்டால் பாதி பாஸ். ஏன் உப்பிடிக் கதைக்கிறாய்? ஆரோ ஒராள் இருந்து முழுசா வாசிச்சிருக்கிறார். எங்கட யூனிற்றிலயே உதை முழுசா வாசிச்சது நானும் நீயும்தான்” என்றார். அவரும் முழுவதும் வாசித்தாரா என்பதில் எனக்கு இன்றைக்கும் சின்னச் சந்தேகம் உண்டு.

மருத்துவ பீடத்தில் படிக்கிற பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: “அக்கா, ஜேர்னலுக்கு அனுப்பினாப் பிறகு உள்ளுக்க என்ன நடக்குது?” அவர்களுக்காகத்தான் இதை எழுதத் தொடங்கினேன். எழுதும்போது வேறு எங்கெல்லாமோ போய்விட்டது. ஜேர்னலின் பெயர் வேண்டாம். உளநலத்துக்கென்றே நடக்கிற வெளிநாட்டு ஜேர்னல்களில் ஒன்று, அவ்வளவு போதும்.

கட்டுரை என்னவென்றால், கணவரைக் காணாமற்போகக் கொடுத்துவிட்டு எங்கள் கிளினிக்குக்கு வருகிற பெண்கள் சிலரோடு நேரம் எடுத்துக் கதைத்து, தங்கள் வருத்தத்தை அவர்கள் எந்தச் சொற்களால் சொல்கிறார்கள் என்று எழுதியது. எண்ணிக்கைக் கணக்கு இல்லாத, பண்புசார் ஆய்வு.

*

ஏற்றுவதே அரை நாள் வேலை. பெயர்கள் உள்ள தலைப்புப் பக்கம் ஒரு ஃபைல், பெயர் நீக்கிய கட்டுரை இன்னொரு ஃபைல். நெறிமுறைக் குழுவின் அனுமதி இலக்கம். காசு யார் தந்தது. யாருக்காவது நலமுரண், அதாவது முடிவால் சொந்த ஆதாயம், உண்டா. பண்புசார் ஆய்வு என்றால் ‘கோரெக்’ என்று 32 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல். நேர்காணல் செய்தவர் ஆணா பெண்ணா, அவருக்கும் பேசியவருக்கும் முதலே பழக்கமா என்றெல்லாம் கேட்கும். எழுத்தாளர் ஒவ்வொருவரும் என்ன வேலை செய்தார் என்பதையும் எழுத வேண்டும். மருத்துவ ஜேர்னல்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட நாலு நிபந்தனைகள் உண்டு: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், எல்லாவற்றுக்கும் பொறுப்பு. நாலும் வேண்டும். யூனிற்றில் பெரியவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பெயர் போடுகிற எங்கள் வழக்கத்துக்கு இந்த நாலும் பெரிய இடைஞ்சல். ஆனாலும் போடுகிறோம்.

பிறகு ஆசிரியர் குழு பார்க்கும். எங்கள் துறைக்குள் வருகிறதா, அனுமதி இருக்கிறதா, வேறெங்காவது இருந்து உருவி எழுதினார்களா என்று ஒரு மென்பொருளில் போட்டுப் பார்ப்பது, வாசகருக்குப் புதிதாக ஏதும் இருக்கிறதா. இல்லையென்றால் படலையடியிலேயே வைத்துத் திருப்பிவிடுவார்கள். வெளியாருக்கு அனுப்புவதே இல்லை. இதே கட்டுரை இதற்கு முதல் இன்னொரு ஜேர்னலின் படலையில் மூன்று நாளில் திரும்பி வந்தது. “எமது வாசகர்களுக்குப் பொதுவான ஆர்வம் குறைவு” என்று இரண்டு வரி. அப்போது கவலைப்பட்டேன். இப்போது நினைத்தால் மூன்று நாளில் சொன்னது உபகாரம்.

படலை தாண்டினால் கட்டுரை ஒரு துணை ஆசிரியரின் கைக்குப் போகும். அவர் அந்த விடயம் தெரிந்த ஆட்களைத் தேடி அழைப்பு அனுப்புவார். இங்கேதான் மாதங்கள் கரைகின்றன. பலர் மாட்டேன் என்பார்கள், சிலர் பதிலே போடமாட்டார்கள், ஒருவர் ஓம் என்று சொல்லிவிட்டுக் காணாமற் போவார். இது சம்பளம் இல்லாத வேலை. ஒத்துக்கொண்டவருக்கு இரண்டு மூன்று கிழமை தவணை. வாசித்தவர் நிரப்புகிற படிவத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று எழுதியவருக்கு. மற்றது ஆசிரியருக்கு மட்டும். எழுதியவரிடம் “சுவாரசியமான கட்டுரை” என்றுவிட்டு மற்றப் பெட்டியில் “இதைப் போடாதீர்கள்” என்று எழுதுகிற ஆட்களும் இருக்கிறார்கள். குறிப்புகள் இனிமையாக இருந்தும் கட்டுரை நிராகரிக்கப்பட்டால் காரணம் அநேகமாக அந்தப் பெட்டிக்குள் கிடக்கும். ரிவ்யூவர்கள் சொல்வது ஆலோசனைதான்; முடிவு ஆசிரியருடையது.

இந்த முறை வேதகாலத்தது என்று நினைத்திருந்தேன். இல்லை. லண்டன் ராயல் சொசைட்டியின் ஜேர்னல் 1665இல் தொடங்கியது உண்மைதான். ஆனால் வெளியாளுக்கு அனுப்பிக் கேட்டுத்தான் போடுவது என்பதை நேச்சர் என்ற அறிவியல் ஜேர்னல் 1973இல்தான் கட்டாயமாக்கியது, லான்செற் என்ற மருத்துவ ஜேர்னல் 1976இல். என் அம்மா பள்ளிக்கூடம் போன காலம்.

எனக்கு மூன்று ரிவ்யூவர்கள். முதலாமவர் இரண்டு வரி: நல்ல கட்டுரை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் காட்டவும். மூன்றாமவர் எங்களைத் தென்னிந்தியாவில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒப்பீட்டுக் குழு எங்கே என்று கேட்டிருந்தார். கதை கேட்டு எழுதிய ஆய்வுக்கு ஒப்பீட்டுக் குழு! புட்டுக்கு ஏன் சம்பல் அரைத்தீர்கள் என்று கேட்டாலாவது பதில் சொல்லலாம். இரண்டாமவர்தான் நாலு பக்கம். உலகம் முழுக்க எழுதுகிறவர்கள் திட்டுகிற ஆள் இந்த இரண்டாம் ரிவ்யூவர். நானும் திட்டினேன்.

*

யாழ்ப்பாணத்தில் யாருக்குத் தெரியாது யோசனை என்றால் என்னவென்று? சந்தையில் மீன் விற்கிற அக்காவைக் கேட்டாலும் சொல்வா: “ஒரே யோசனை, நித்திரை இல்லை.” கிளினிக் கொப்பியில் நானே ஒரு நாளைக்கு பத்துத் தரம் எழுதுகிறேன். யோசனை, ஏக்கம், நெஞ்சுக்குள் அந்தரம், பெருமூச்சு, தலையிடி, நாரி நோவு. எழுதிவிட்டு அதற்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு நோயின் பெயரை எழுதுவேன். கை தானாகப் போகும்.

இரண்டாமவர் பிடித்தது அந்தக் கையைத்தான். ஓரிடத்தில் யோசனையைக் ‘கவலை’ என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள், அடுத்த பக்கத்தில் ‘திரும்பத் திரும்ப அசைபோடுதல்’ என்கிறீர்கள், முடிவுரையில் ‘மனச்சோர்வு’ ஆகிவிட்டது. மூன்றும் ஒன்றா? ஒன்றென்றால் தமிழ்ச் சொல் எதற்கு? வேறென்றால் அந்தப் பெண்கள் எதைச் சொன்னார்கள்?

இரண்டு நாள் கட்டுரையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. மூன்று விதமாகத்தான் எழுதியிருந்தேன். யோசனை எனக்கு மிகவும் தெரிந்த சொல் என்பதால் அதை யாரிடமும் கேட்டே இருக்கவில்லை. சேரும் அதைப் பிறந்ததில் இருந்து அறிந்தவர், அவருக்கும் தட்டுப்படவில்லை.

அடுத்த கிளினிக்கில், முன்பு பேசிய அம்மா ஒருவரிடம் நேராகவே கேட்டேன். அனுமதிக் கடிதத்தில் மீண்டும் கேட்கலாம் என்று இருந்தது, நல்ல காலம். “அம்மா, யோசனை யோசனை எண்டு சொல்லுறியள், அது என்னண்டு எனக்கு விளங்கப்படுத்துங்கோ.” அவர் என்னைப் பார்த்த பார்வையில், இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்கிற பரிதாபம் இருந்தது. கையிலிருந்த கிளினிக் கொப்பியின் உறையைச் சரிசெய்தபடி சொன்னார்:

“யோசிக்கிறது வேற, யோசனை வேற, டொக்டர். நாளைக்குச் சாமானுக்கு என்ன செய்யிறது எண்டு நான் யோசிக்கிறன். அது நான் செய்யிறது. யோசனை எனக்கு வாறது. நான் கூப்பிடுறேல்ல.”

அதைக் கொப்பியில் எழுதும்போது கை நடுங்கியது என்றால் மிகைப்படுத்தலாகிவிடும். ஆனால் பேனையை வைத்துவிட்டு யன்னலைப் பார்த்தேன். பத்து வருடமாகக் கேட்ட சொல்.

மற்றவர்களிடமும் கேட்டேன். எல்லோரும் இப்படிப் பிரிக்கவில்லை. ஒருவர், யோசனை விடியப்புறம்தான் வரும் என்றார். இன்னொருவர், அது வராத நாளில் தனக்குப் பயமாக இருக்கும், அவரை மறந்துவிட்டேனோ என்று தோன்றும் என்றார். மருந்தால் இல்லாமற் பண்ண வேண்டிய ஒன்றாக அதை நாங்கள் நினைத்திருந்தோம்.

நாலு பக்கத்தில் இன்னொரு குறிப்பு, ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்ற சொல்லைப் பாருங்கள் என்றது. சிம்பாப்வேயில், அளவுக்கு மிஞ்சி யோசிப்பது என்ற பொருளில் சொல்வது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்னும் நோய்க் கையேட்டின் பின்னிணைப்பில், பண்பாடு சார்ந்த துயரச் சொற்களில் ஒன்றாக அது இருக்கிறது. அந்தக் கையேடு எங்கள் யூனிற்றின் அலுமாரியில் இருக்கிறது. பின்னிணைப்பு வரைக்கும் நான் போனதில்லை. யாழ்ப்பாணத்தை வரைபடத்தில் காட்டச் சொன்னால் இரண்டாமவர் காட்டுவாரோ தெரியாது. எங்களுக்குச் சிம்பாப்வேயின் ஹராரேக்கு வழி காட்டியவர் அவர்தான். எங்கள் ஊரை அறிந்த ஒருவர் ரிவ்யூ பண்ணியிருந்தால் ‘யோசனை’யை வாசித்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போயிருப்பார். அறியாதவர் என்றால் மூன்றாமவரைப் போல எங்களைத் தென்னிந்தியாவிலும் வைப்பார். இரண்டாமவர் ஏதோ அதிர்ஷ்டத்தில் கிடைத்தவர்.

*

நாலாம் பக்கத்தின் அடியில் இருந்த குறிப்பை நான் முதலில் அலட்சியம் பண்ணினேன். கட்டுரையில் ஒரு பெண்ணின் கதையைக் கொஞ்சம் விரிவாக, ஒரு பந்தியில் எழுதியிருந்தேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, வயதுகூட ‘நாற்பதுகளில்’ என்றுதான். அவர் கையெழுத்தும் வைத்துத் தந்திருந்தார். இரண்டாமவர் கேட்டது: இந்த விபரங்களை வைத்து அவருடைய ஊரார் அவரை அடையாளம் காண முடியாதா? அவர் சம்மதித்தார், சரி. கதையில் வருகிற மகனும் மாமியாரும் சம்மதித்தார்களா?

வடமராட்சியில் யார் ஆங்கில ஜேர்னல் வாசிக்கப் போகிறார்கள் என்று சேரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “கனடாவில இருக்கிற மருமகள் வாசிப்பாள்” என்றார்.

சரி, ஒரு சோதனை செய்து பார்ப்போம் என்று அந்தப் பந்தியை மட்டும் அச்செடுத்து, எங்களோடு களத்துக்கு வருகிற உளமருத்துவச் சமூகப் பணியாளரிடம் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் ஃபைலை அவர் பார்த்ததில்லை. ஆனால் பக்கத்து ஊர்க்காரர். மேசையில் தேத்தண்ணி வைத்திருந்தார்கள். ஒரு மிடறு குடித்தார், வாசித்தார், தாளைக் கவிழ்த்து வைத்தார். “மிஸ், இது தையல் மெஷின் வச்சிருக்கிற அக்கா எல்லோ?” என்றார். தையல் மெஷின் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை.

உளநல ஜேர்னல்கள் மற்றவற்றிலிருந்து வேறுபடுவது இந்த இடத்தில். உடைந்த காலின் எக்ஸ்ரேயை யார் பார்த்தாலும் காலுக்குரியவர் வெட்கப்படப் போவதில்லை. எங்கள் துறையில் ஆய்வுக்குக் கிடைப்பதே கதை, கதைக்கு ஊர் தெரியும். அதனால் எங்கள் ரிவ்யூவர்கள் புள்ளிவிபரத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. தற்கொலை பற்றிய வரிகளை எப்படி எழுதியிருக்கிறார்கள், வழிமுறையை விபரித்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். ‘மனநோயாளிகள்’ என்று ஆட்களை நோயாகவே குறிக்கிற சொற்களை மாற்றச் சொல்வார்கள். பிஎச்கியூ-9 என்று மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள் உண்டு. ஒன்பதாவது, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வந்ததா என்று கேட்பது. அதற்கு ஓம் என்றவர்களுக்கு அன்றைக்கே என்ன செய்தீர்கள் என்று இரண்டாமவர் என்னிடமும் கேட்டிருந்தார். செய்திருந்தோம், எழுதத்தான் மறந்துவிட்டோம். “கடவுள் கொண்டுபோனால் காணும்” என்று எங்கள் ஆட்கள் சாதாரணமாகச் சொல்வதை அந்த ஒன்பதாவதோடு எப்படிப் பொருத்துவது என்பது தனியே எழுத வேண்டிய சங்கதி.

அந்தப் பந்தியை எடுத்துவிட்டேன். கட்டுரையின் நல்ல பந்தி அதுதான்.

*

திருத்துவதற்கு 60 நாள் தந்தார்கள். தவணை முடிவது 2022 மார்ச்சில். அந்த மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மண்ணெண்ணெய்க்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, அச்சுத்தாளுக்குத் தட்டுப்பாடு. மடிக்கணினியில் பற்றரி இருக்கும் வரைக்கும் எழுதிவிட்டு, மிச்சத்தை மெழுகுதிரி வெளிச்சத்தில் கொப்பியில் எழுதுவேன். ஆசிரியருக்கு நிலைமையைச் சொல்லித் தவணை கேட்டேன். மறுநாளே தந்தார்.

அந்த இரவுகளில் ஒரு பழைய கட்டுரை அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தது. பேராசிரியர் தயா சோமசுந்தரமும் மருத்துவர் சிவயோகனும் யாழ்ப்பாண மக்களின் போர் உளவடுக்களைப் பற்றி எழுதியது. 1994இல் பிரித்தானிய உளமருத்துவ ஜேர்னலில் வந்தது. 1994இல் எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, நாலு வருடமாக இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் நான் வாய்ப்பாடு பாடமாக்கிக்கொண்டிருந்த ஊரில், பற்றரிக்கும் எண்ணெய்க்கும் தடை இருந்த ஊரில், லண்டன் ஜேர்னல் ஒன்று ஒப்புக்கொள்கிற ஆய்வு நடந்திருக்கிறது. ரிவ்யூவரின் குறிப்பு அப்போது தபாலில் வரும். எனக்கு ஒரு மின்னஞ்சலில் தவணை கிடைத்தது.

எங்களைப் பற்றி வெளியே அதிகம் மேற்கோள் காட்டப்படுகிற ஆய்வு 2011இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ ஜேர்னலில் வந்தது. போர் முடிந்த 2009இல், யாழ் மாவட்டத்தில் 1517 வீடுகளில் எடுத்தது. மனவடுவுக்குப் பிந்திய நெருக்கீடு 7 வீதம், பதகளிப்பு 32.6, மனச்சோர்வு 22.2. முக்கியமான ஆய்வு, நானும் மேற்கோள் காட்டியிருக்கிறேன். வெளிநாட்டில் உருவாக்கிய கேள்விப் பட்டியல்கள் தமிழில் கேட்கப்பட்டு எண்களாக வந்தவை அவை. அந்த அம்மாவின் ‘எனக்கு வாறது’ இந்த மூன்றில் எதற்குள் விழுந்திருக்கும் என்று அந்த மெழுகுதிரி வெளிச்சத்தில் யோசித்திருக்கிறேன்.

திருத்திய கட்டுரையோடு ஒரு பதில் கடிதமும் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே எடுத்து எழுதி, கீழே எங்கள் பதில், எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினோம். ஒவ்வொன்றுக்கும் முதலில் நன்றி சொல்வது வழக்கம். மூன்றாமவரின் ஒப்பீட்டுக் குழுவுக்கும் நன்றி சொன்னேன். பிறகு, யாழ்ப்பாணம் இலங்கையின் வடக்கில் இருக்கிறது என்பதைக் கட்டுரையில் இப்போது தெளிவாகச் சேர்த்திருக்கிறோம் என்று எழுதினேன். சேர் அந்த வரியை மட்டும் இரண்டு தரம் வாசித்துவிட்டு, “இருக்கட்டும்” என்றார். எல்லாவற்றுக்கும் பணிந்துபோக வேண்டியதில்லை. ஏன் மாற்றவில்லை என்று காரணம் சொன்னால் ஆசிரியர்கள் ஏற்கிறார்கள். இன்னொரு சுற்று, சின்னத் திருத்தம், பிறகு ஏற்றுக்கொண்டார்கள்.

*

கட்டுரை வெளியானதும் எனக்கே ரிவ்யூ அழைப்புகள் வரத் தொடங்கின. முதலாவதைத் திறந்தபோது நெஞ்சு நிறைந்தது. எழுதியவர் யாரென்று தெரியாதபடி பெயரெல்லாம் நீக்கியிருந்தது. முறைகள் பகுதியில் “வட மாகாணத்தில் உள்ள ஒரு போதனா வைத்தியசாலை” என்று இருந்தது. வட மாகாணத்தில் இருப்பதே ஒரு போதனா வைத்தியசாலை. அடுத்த பக்கத்துக்குப் போக முதலே எந்த யூனிற், யார் எழுதியது, யாருடைய ஆங்கிலம் என்றுகூடத் தெரிந்துவிட்டது. ஆசிரியருக்கு எழுதி விலகிக்கொண்டேன். அந்த யூனிற்றுக்காரர் இன்றைக்கும் என்னோடு ஒரே வரிசையில் நின்று மரக்கறி வாங்குகிறார். நான் அவருக்கு எழுதாமல் விட்ட குறிப்புகள் என்னவென்று அவருக்குத் தெரியாது.

பெயர் மறைப்பது எங்களைப் போன்ற சின்ன இடத்துக்குச் சரிவராது என்றுதான் நினைக்கிறேன். பெயரை வெளியில் சொன்னால் என்ன என்று உளநல ஜேர்னல் ஒன்றே சோதித்துப் பார்த்திருக்கிறது. அதே பிரித்தானிய உளமருத்துவ ஜேர்னல், முடிவு 2000இல் வந்தது. 408 கட்டுரைகள். பெயர் போட்டு ரிவ்யூ எழுதச் சம்மதமா என்று கேட்டதில் 245 பேர், 76 வீதம், சம்மதித்தார்கள். சம்மதித்தவர்களிடம் போன அந்தக் கட்டுரைகளைக் குலுக்கல் முறையில், பெயர் போடுவது, போடாதது என்று இரண்டாகப் பிரித்தார்கள். பெயர் போட்டவை தரத்திலும் மரியாதையிலும் மேல். எழுத நேரம் கூட எடுத்தது. ஆனால், கட்டுரையைப் பிரசுரிக்கலாம் என்று சொல்கிற போக்கும் கூட. எனக்கு அந்தக் கடைசி வரிதான் உறைத்தது. மரக்கறிக் கடை வரிசை இங்கே மட்டும் இல்லை.

பெயர் தெரிவதால் வேறு விதத்திலும் கெடும். 1982இல் பீற்றர்ஸ், செசி என்று இரண்டு உளவியலாளர்கள் ஒரு குறும்பு பண்ணினார்கள். பேர்பெற்ற இடங்களில் இருந்து எழுதி உளவியல் ஜேர்னல்களில் ஏற்கெனவே வந்த 12 கட்டுரைகளை எடுத்து, எழுதியவர் பெயரையும் இடத்தையும் யாரும் கேள்விப்படாத கற்பனைப் பெயர்களாக மாற்றி, அதே ஜேர்னல்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். மூன்றைத்தான் கண்டுபிடித்தார்கள். மிச்சம் ஒன்பதில் எட்டு நிராகரிக்கப்பட்டன. தங்கள் பக்கங்களிலேயே முன்பு போட்டவை! கேள்விப்படாத இடத்திலிருந்து எழுதுகிற எங்களுக்கு இது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழங்கதை. எங்கள் அப்பப்பா கோயிலில் கந்தபுராணத்துக்குப் பயன் சொல்லுகிறவர். ஒருவர் பாட்டைப் படிக்க, அவர் பொருள் சொல்லுவார். சொல் பிசகினால் கேட்டுக்கொண்டிருக்கிற கிழவர்கள் விடமாட்டார்கள். காஞ்சிபுரத்தில் அந்தப் புராணம் அரங்கேறிய கதையை அவர் ஒவ்வொரு வருடமும் சொல்லுவார். முதல் பாட்டின் முதல் அடி முருகனே எடுத்துக் கொடுத்ததாம். சபையில் ஒருவர் எழும்பி, ‘திகடசக்கர’ என்ற புணர்ச்சிக்கு இலக்கணம் எங்கே என்று கேட்டுவிட்டார். பாடிய கச்சியப்பரிடம் பதில் இல்லை. மறுநாள் சோழநாட்டிலிருந்து ஒரு புலவர் வந்து, வீரசோழியம் என்ற இலக்கண நூலில் விதி இருக்கிறது என்று ஏட்டைக் காட்டினார். அந்தப் புலவரும் முருகன்தான். கடவுள் வாக்கு என்றாலும் மேற்கோள் கேட்டார்களே என்று அப்பப்பா பெருமைப்படுவார். எனக்கு இப்போது வேறொன்று தோன்றுகிறது. முதல் அடி தந்தவரே வேசம் மாறி வந்து அதற்குச் சாட்சி சொன்னார். இன்றைக்கென்றால் கட்டுரையை மீளப் பெற்றிருப்பார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை: ரிவ்யூவர்களை நீங்களே சிபாரிசு செய்யலாம் என்று ஜேர்னல்கள் இடம் கொடுக்க, தென்கொரிய ஆய்வாளர் ஒருவர் போலி மின்னஞ்சல் முகவரிகளைக் கொடுத்துத் தன் கட்டுரைகளைத் தானே ரிவ்யூ பண்ணி 2012இல் அகப்பட்டார். ரிவ்யூக்கள் 24 மணித்தியாலத்துக்குள் வந்துகொண்டிருந்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். 2015இல் பயோமெட் சென்ட்ரல் என்ற ஜேர்னல் பதிப்பகம் இதே மாதிரிக் காரணத்துக்காக 43 கட்டுரைகளை மீளப் பெற்றது. ஐந்து மாதம் காத்திருந்தபோது நான் பட்ட எரிச்சலை இதை அறிந்த பிறகு கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

ரிவ்யூவராக நான் கெட்டிக்காரி இல்லை. முதலில் ஒத்துக்கொண்ட கட்டுரைக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. நாலு பக்கம் எழுதினேன். அதில் ஒன்றரைப் பக்கம் நான் எவ்வளவு வாசித்திருக்கிறேன் என்று காட்டுவதற்கு. அனுப்புவதற்கு முதல்நாள் இரவு திரும்ப வாசித்தபோது, இதை எழுதியவர் எங்கோ ஒரு கிளினிக்கில் ஆறிய தேத்தண்ணியோடு இதைத் திறப்பார் என்று தோன்றி அந்த ஒன்றரைப் பக்கத்தையும் அழித்தேன். பிறகு அந்தக் கட்டுரைக்கு மற்ற ரிவ்யூவர் எழுதியதை எனக்கும் அனுப்பியிருந்தார்கள். இரண்டாம் அட்டவணையில் கூட்டுத்தொகை பிழை என்று ஒரு வரி. நான் அந்த அட்டவணையைக் கடந்து போயிருந்தேன். 1998இல் வந்த ஒரு சோதனையில், வேண்டுமென்றே எட்டுப் பிழைகளைப் புகுத்திய கட்டுரையை ரிவ்யூவர்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். சராசரியாக ஒருவர் கண்டுபிடித்தது இரண்டு. ஒன்றையும் காணாதவர்கள் 16 வீதம். அந்த 16க்குள் என்னையும் ஒருநாள் சேர்க்கலாம்.

*

கட்டுரை வந்து சில மாதத்துக்குப் பிறகு, அந்தப் பந்திக்குரிய அக்கா கிளினிக்குக்கு வந்தா. கையெழுத்து வைத்தபோது, வந்தால் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். கணினியில் திறந்து காட்டினேன். ஆங்கிலம், எங்கெங்கே என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போனேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தா.

“என்ர கதை எங்க, டொக்டர்?”

எடுத்துவிட்டோம் என்று சொன்னேன். ஊராருக்கு அடையாளம் தெரிந்துவிடும், மகனுக்குப் பிறகு கரைச்சலாகும், வாசித்துப் பார்த்த ஒருவர் அப்படிக் கேட்டார் என்று காரணம் சொன்னேன்.

“ஆர் அவர்?”

“தெரியாது அக்கா. பேர் சொல்ல மாட்டினம்.”

“ஊருக்கு அது தெரிஞ்ச கதைதானே” என்றா. பிறகு, “அப்ப நான் சொன்னது ஒண்டும் அதில இல்லையோ?”

தேடிப் பார்த்தேன். ஒரே ஒரு வரி இருந்தது. இரவில் யோசனை வந்தால் எழும்பி முற்றத்தைக் கூட்டுவேன் என்று அவ சொன்னது, யார் சொன்னது என்ற குறிப்பு இல்லாமல். அதை விரலால் காட்டி, தமிழில் வாசித்துச் சொன்னேன்.

“அது எல்லாரும் செய்யிறதுதானே” என்றா. பிறகு கொப்பியை எடுத்து, அடுத்த மாதம் கிளினிக் எந்தத் திகதி என்று கேட்டா.